கனடாக் குளிரில் ஏற்றிய வேகம்

முள்ளியவளையில் கணினி திருத்தும் கடைகளுக்கு ஒரு பொது மருந்து உண்டு. எந்த நோய்க்கும் அதுதான். கணினி மெதுவாக ஓடினாலும், ஓடாமல் நின்றாலும், பக்கத்தில் இருக்கும் அச்சு இயந்திரம் தாளைத் தின்றாலும், வாடிக்கையாளர் வாசலில் நின்று ஒரே வசனத்தைத்தான் சொல்வார்: “இதுக்கு ஒருக்கா விண்டோஸ் அடிச்சுத் தாங்கோ.”

உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதற்கு இங்கே ‘விண்டோஸ் அடித்தல்’ என்று பெயர். சுவருக்கு வெள்ளை அடிப்பது போன்ற காரியமாக ஊர் அதைக் கருதுகிறது. அடித்தால் துப்புரவாக இருக்கும். கீழே என்ன ஊத்தை இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சிவரூபி கேட்பாள். தொழிலில் அவளுக்கு அது பலம், வியாபாரத்தில் பலவீனம். “ஏன் அடிக்கோணும்? அது என்ன சொல்லிக்கொண்டு நிண்டது? என்ன நிறத்தில எழுத்து வந்தது?” என்று ஒரு வைத்தியரைப் போல விசாரிப்பாள். காரணம் தெரியும் வரை அடிக்கமாட்டாள். இத்தகைய கடைகளுக்கு அன்றாடம் சோறு போடும் வேலையையே மறுத்துக்கொண்டு ஒருத்தி கடை நடத்தினாள். அந்தக் கடை பல வருடங்களாக நடந்தும் வந்தது. பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு விளக்கம் சொல்லட்டும்.

அவளுடைய குடும்பம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து முத்தையன்கட்டுக்கு வந்து குடியேறியது. குளத்து நீரை நம்பி நெல் விதைத்தவர்கள். தங்கள் வயலுக்கு முறைத் தண்ணீர் வராத ஒரு போகத்தில், தகப்பன் அப்புத்துரை வாய்க்கால் கட்டில் பாய் விரித்துக் குந்திக்கொண்டார். தண்ணீர் வந்த பிறகும் எழும்பவில்லை, ஏன் வரவில்லை என்று சொன்னால்தான் எழும்புவேன் என்றாராம். தண்ணீர் வந்தது. காரணம் வரவே இல்லை. சிவரூபி அந்தப் பாயைச் சுருட்டாமலே கடைக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

யுத்தம் முடிந்து, எல்லோரையும் போல முகாமில் இருந்து வெளியே வந்த பிறகு, வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கணினி வகுப்புக்குப் போனாள். அங்கே படிப்பித்தவர், “சந்தேகம் வந்தா அழிச்சுப் போட்டுத் திரும்பப் போடுங்கோ” என்றார். “என்ன சந்தேகம் சேர்?” என்று கேட்டவள் அந்த வகுப்பில் இவள் ஒருத்திதான். இப்போது நாற்பதை நெருங்குகிறாள். ஏன் கலியாணம் செய்யவில்லை என்று கேட்பவர்களிடம், “நீங்கள் ஏன் செய்தனீங்கள்?” என்று திருப்பிக் கேட்பாள். யோசிக்கத் தொடங்குவார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அவளிடம் ஒரு கொள்கை இருந்தது. மென்பொருளின் பிழை நாணயமானது என்பாள். அது சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில், அதே பெயரில் வரும். இன்றைக்கு ஒரு பெயர், நாளைக்கு இன்னொரு பெயர் என்று மாறி மாறி வருகிற பிழையை அவள் மென்பொருளின் தலையில் கட்டமாட்டாள். “அவர் வேற ஆள். வேசம் போட்டு வாறார்” என்பாள்.

அப்படி வேசம் போட்டு வந்தது கிறகோரியின் கணினி.

கிறகோரி சிலாவத்தைக்காரர். கடல் தொழிலை விட்டுவிட்டுக் கமரா தூக்கியவர். கலியாணம், தேவாலயத்தில் பிள்ளைகளின் முதல் நன்மை, பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீடு எல்லாம் எடுப்பார். ஆனால் ஸ்டூடியோவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது செத்தவீடுதான். பிள்ளைகள் பாதிப்பேர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் ஊரில், பெட்டி மூடுவதை நேரடியாக ஒளிபரப்ப ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் கிறகோரி.

கணினியை அனுப்பியவர் தமையன் வின்சன். ரொறன்ரோவில் தன் வீட்டுப் பேஸ்மெண்டில், பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய கணினி. பூட்டியதோடு அவர் நிற்கவில்லை. அதன் மூளையான செயலிக்குத் தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த வேகம் ஒன்று உண்டு. வின்சன் அதை அந்தக் குறிப்புக்கு மேலே ஏற்றிவிட்டார். கணினி தெரிந்தவர்கள் இதை ஓவர்கிளாக் என்பார்கள். தெரியாதவர்களுக்கு சிவரூபியின் கடை அறைக்குச் சொந்தக்காரரும் பக்கத்து உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை முதலாளியுமான பரமலிங்கம் விளக்கம் வைத்திருந்தார்: “லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில வேகத்தைக் கட்டக் கம்பனி வைச்ச கவர்னர் சீலை உடைச்சுப்போட்டு ரேஸ் ஏத்திறேல்லையோ, அதுதான் இது.” இதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்க முடியாது.

பேஸ்மெண்டில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அந்த வேகத்தில் கணினி சோக்காக ஓடியது. அது பொய்யில்லை. ஆனால் கிறகோரியின் ஸ்டூடியோ தகரக் கூரை போட்டது. சோளகம் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கூரைக்குக் கீழே மனிதரே சரியாகக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

முதல் அடி ஒரு செத்தவீட்டில் விழுந்தது. பெட்டியைத் தூக்குகிற நேரம், ஒளிபரப்பை நடத்திக்கொண்டிருந்த கணினித் திரை முழுக்க நீலமாகியது. ஒரு பக்கத்தில் விண்டோஸ் காட்டும் அந்தச் சோக முகம், இரண்டு புள்ளியும் கவிழ்ந்த வாயும். கிறகோரி பதறிக்கொண்டு கமராவை மேசையில் வைத்தபோது அது திரையைப் பார்த்தபடி இருந்தது. அதே கமராவில் இருந்து கைத்தொலைபேசி வழியாக இன்னொரு ஒளிபரப்பும் போய்க்கொண்டிருந்ததால், கடல் கடந்த உறவினர்கள் எல்லோரும் அந்த நீல முகத்தைக் கண்டார்கள். அது ஸ்டூடியோ போட்ட அஞ்சலிப் படம் என்று நினைத்துப் பலர் கும்பிட்ட கைகளைப் பதிலாக அனுப்பினார்கள்.

பிறகு கணினி ஊர் சுற்றியது. இருந்த கடைகள் எல்லாம் ஒவ்வொரு தடவை விண்டோஸ் அடித்தன. ஒவ்வொரு தடவையும் முன்னிலும் மோசமாகத் திரும்பி வந்தது. கடைசியில் கிறகோரி அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் முள்ளியவளைக்கு வந்தார்.

“தங்கச்சி, இதுக்கு—”

“அடிக்கமாட்டன். என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ.”

சொன்னார். காலையில் வைத்தால் ஓடுகிறது, மத்தியானம் நிற்கிறது. நிற்கும்போது சொல்லும் காரணம் ஒவ்வொரு தடவையும் வேறு. ஒருநாள் நினைவகம் என்கிறது. ஒருநாள் ஏதோ கோப்பைக் காணவில்லை என்கிறது. சிவரூபிக்கு முகம் மலர்ந்தது. வேசக்காரர் வந்துவிட்டார்.

மத்தியான வெயிலில் வைத்து அதற்கு ஒரு பரீட்சை வைத்தாள். ஒரு கோப்புறை நிறையப் படங்களைச் சுருக்கிக் கட்டச் சொன்னாள், பிறகு அவிழ்க்கச் சொன்னாள். கட்டியதும் அவிழ்த்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. திரும்பவும் செய்தால் பிழை வேறொரு படத்தில் வந்தது. அதாவது சூட்டில் செயலி கூட்டல் கழித்தலிலேயே தடுமாறியது. விண்டோஸ் அடித்தபோதும் அப்படித்தான். தப்புக் கணக்குப் போடுகிற கணினியே புதிய இயங்குதளத்தைப் பிரதி பண்ணியதால், ஒவ்வொரு வெள்ளையும் அடிக்கும்போதே பெயர்ந்தது. கணினி தொடங்கும்போது வரும் அமைப்புப் பக்கத்துக்குப் போனாள். வேகம் ஏற்றியிருப்பதைக் கண்டாள். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறக்கினாள். பரீட்சை சரியாக வந்தது. வெயில் தாழும் வரை திரும்பத் திரும்ப வந்தது.

பழைய இயங்குதளம் ஏற்கெனவே ஓட்டை ஒடிசலாகிவிட்டதால், கடைசியில் அவள் விண்டோஸ் அடிக்கத்தான் வேண்டியிருந்தது. அதை அவள் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

கிறகோரி சந்தோசமாகக் கொண்டுபோனார். போனவர், வெளிநாட்டுப் பரிசு வாங்கியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார். வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்புவதுபோல, ஓடுகிற கணினியின் திரையைப் படம் எடுத்துக் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். திரையின் ஓரத்தில் செயலியின் வேகம் எண்ணாகத் தெரிந்தது. அந்த எண் வின்சன் சொல்லி அனுப்பிய எண்ணைவிடக் குறைவாக இருந்தது.

கணினி ஓடுகிறது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தார்கள். கனடாவில் இருந்து வந்த சாமானின் பெறுமதி அந்த எண்ணில் இருந்தது. “என்ர நம்பர் எங்க?” என்று வின்சன் எழுதினார். கிறகோரியின் மனைவி புனிதமலர், “சாமானைக் கழட்டிப்போட்டு மலிவுச் சாமான் பூட்டியிருக்கினம் போல” என்று குரல் பதிவு ஒன்று போட்டார். அது குழுவை விட்டு வெளியே வந்து, கோயில் வளவைச் சுற்றி, சந்தைக்குப் போய், முள்ளியவளைக்கு வந்து சேர்ந்தபோது ‘போல’ என்பது வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

சாமான் மாற்றுகிறவள் என்ற பெயர் ஒரு திருத்துகிறவளுக்கு வந்தால் அதற்குமேல் வர ஒன்றும் இல்லை. முதலில் திருத்தக் கொடுத்திருந்தவர்கள் வந்து, “அவசரமா வேணும்” என்று அரைகுறையாகவே எடுத்துப் போனார்கள். பாடசாலை ஒன்றின் கணினிகளைப் பார்க்க வரச்சொன்னவர்கள் வரவேண்டாம் என்றார்கள். பிறகு பரமலிங்கம் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, ஒரு கதை அடிபடுது.”

“அடிபடட்டும் அண்ணை.”

“நீ எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். உனக்கு எடுக்கிற அளவுக்குப் புத்தியும் இல்லை. ஆனா என்ர கடைக்கு வாற சனம் என்னட்டைக் கேக்குது, இந்தப் பக்கம் சாமான் குடுத்தா முழுசா வருமோ எண்டு. இந்த மாதத்துக்குள்ள இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவா. இல்லாட்டி அறையை விடு.”

“முடிவு எண்டா?”

“என்ன முடிவு, அந்த நம்பரைத் திருப்பி ஏத்திக் குடு. அவங்கட நம்பர் அவங்களுக்கு. பிறகு மெசின் நிண்டா சிலாவத்தையும் கனடாவும் கதைச்சுத் தீர்க்கட்டும்.”

“சீல் உடைச்ச லாண்ட்மாஸ்ரரை நீங்கள் அப்பிடியே திருத்திக் குடுப்பியளோ?”

“குடுப்பன்.”

“குடுத்துப்போட்டு?”

“அதுக்கு முன்னால நடந்து போகமாட்டன்.”

“நான் முன்னாலயும் போகமாட்டன், குடுக்கவும் மாட்டன்.”

“அப்ப மன்னிப்புக் கேளன். வாய் வார்த்தைதானே.”

“எதுக்கு? ஓடாததை ஓட வைச்சதுக்கோ?”

பரமலிங்கம் எண்ணெய் துடைத்த துணியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் சிக்கல். எண்ணைக் குறைத்து வைத்தால் கணினி உண்மை பேசும், சிவரூபி கள்ளியாவாள். எண்ணை ஏற்றிவிட்டால் சிவரூபி நல்லவளாவாள், கணினி பொய் பேசும். இருவரில் ஒருவருடைய நாணயம் போகவேண்டும். பெரும்பாலான மனிதர்கள் கணினியைக் கைவிட்டிருப்பார்கள். செத்தவீட்டில் பெட்டியைத் தூக்கும்போது நீலமாகிற ஒன்றை வேலை முடிந்தது என்று கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கள்ளி என்ற பெயரைச் சுமக்கவும் மனம் வரவில்லை. இரண்டையும் மறுத்தாள்.

கிறகோரிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணை, ஞாயிற்றுக்கிழமை வாறன். உங்கட தமையனையும் வீடியோவில வைச்சிருங்கோ. புனிதமலர் அக்காவும் இருக்கோணும்.”

“காலமை பூசை முடிய வாங்கோவன் தங்கச்சி. பின்னேரம் சரியான வெக்கை.”

“வெக்கைக்குத்தான் வாறன்.”

ஞாயிறு பின்னேரம் அவளுடைய ஸ்கூட்டி ஸ்டூடியோ வாசலில் நின்றது. உள்ளே மணமக்களை நிறுத்தும் பிளாஸ்ரிக் ரோசா வளைவு, அதற்குப் பின்னால் பாரிஸ் கோபுரம் வரைந்த சீலை. சீலை காற்றில் உப்பி, கோபுரம் கர்ப்பமாகத் தெரிந்தது. கதிரை கொடுத்தார்கள். தேநீர் வரவில்லை. வன்னியில் வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் வராவிட்டால் அவர் நிலைமை என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

சுவரில் சாத்தி வைத்த தொலைபேசியில் வின்சன் இருந்தார். குளிரறைக் கிடங்கொன்றில் இரவு வேலை முடிந்து வந்தவர், தடித்த மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அங்கே விடிந்துகொண்டிருந்தது.

புனிதமலர் தொடங்கினார். “நாங்கள் உம்மைக் கள்ளி எண்டு சொல்லேல்லை. கேள்விதான் கேட்டனாங்கள்.”

“என்ன கேட்டனீங்கள் அக்கா?”

“சாமான் எங்க எண்டு.”

“அதைக் கள்ளரிட்டைத்தானே அக்கா கேக்கிறது.”

“தங்கச்சி, சண்டை வேண்டாம்” என்றது தொலைபேசி. “நான் ஒண்டு சொல்லுறன். இந்த மெசினை நான் இஞ்ச ரெண்டு குளிர்காலம் ஓட்டினனான். ஒருக்காலும் நிக்கேல்லை.”

“குளிர்காலம் எண்டு நீங்களே சொல்லுறியள் அண்ணை. நான் இனி என்னத்தைச் சொல்ல?”

“வேகம் கூடினா சூடாகும். அது எனக்கும் தெரியும். அதுக்குத்தானே பெரிய காத்தாடி பூட்டி அனுப்பினனான். நிக்கிறது விண்டோஸின்ர பிழை.”

“சரி, உங்கட நம்பரை ஏத்திறன். நீங்களே பாருங்கோ.”

கணினியைத் திரும்பத் தொடக்கி, அமைப்புப் பக்கத்தில் வேகத்தை ஏற்றினாள். திரையின் ஓரத்தில் பழைய எண் வந்தது. புனிதமலர் எட்டிப் பார்த்தார். “அந்த நம்பர்தான்!” என்றார், காணாமல் போன ஆட்டைக் கண்டவர்போல. பிறகு யோசித்தார். “அப்ப சாமான் உள்ளதான் கிடக்குதோ? இல்லாட்டி மலிவுச் சாமானும் இந்த நம்பரைக் காட்டுமோ?”

“நல்ல கேள்வி அக்கா. இப்பதான் கேள்வி கேக்கிறியள்.”

அந்த வருட முதல் நன்மைப் படங்கள் இருந்த கோப்புறையைப் பிரதி எடுத்துக்கொண்டு, பிரதியைச் சுருக்கிக் கட்டி அவிழ்க்க வைத்தாள். தகரம் சடசடத்தது. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவிழ்த்து முடித்ததும் படங்களைத் திறந்தாள். வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஒரு பிள்ளையின் முகம் மூக்கோடு முடிந்து, மிச்சம் பச்சைக் கோடுகளாக ஓடியது.

புனிதமலர் சிலுவை போட்டுக்கொண்டார். “ஐயோ, பக்கத்து வீட்டு யதுர்ஷிகான்ர பிள்ளையல்லோ இது!”

“பிரதிதான் அக்கா, பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. இனி இறக்கிறன்.”

வேகத்தை இறக்கினாள். அதே படங்கள், அதே வேலை. இம்முறை பிள்ளைக்கு முழு முகமும் இருந்தது. வின்சன் மேலங்கியின் பொத்தானைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார்.

“இது மெசின் சூடு எண்டு காட்டுது, சரி. சிப் என்ர சிப் எண்டு காட்டேல்லையே.”

சிவரூபி இதற்காகத்தான் பையை மடியில் வைத்திருந்தாள். கணினியை நிறுத்தி, மின்னைக் கழற்றி, மேசையில் படுக்க வைத்தாள். பெரிய காத்தாடியைத் திருகித் தூக்கினாள். இந்த இடத்தில் கை தவறினால் உள்ளதும் போய்விடும், குற்றச்சாட்டு உண்மையாகிவிடும். கை தவறவில்லை. செயலியின் மூடியில் காய்ந்து கிடந்த, சூடு கடத்தும் பசையைத் துடைத்தாள். உலோகத்தில் பொறித்த எழுத்துகள் தெரிந்தன. தயாரிப்பாளர் பொறித்த வேகமும் அதில் இருந்தது. அது சிறிய எண். கிறகோரியின் கமரா ஒன்றை வாங்கிக் கிட்டப் பிடித்து, அதன் சிறு திரையைத் தொலைபேசியில் இருந்த வின்சனுக்குத் தெரியக் காட்டினாள்.

“வாசியுங்கோ அண்ணை.”

வின்சன் வாசிக்கவில்லை. சிவரூபி கமராவை நகர்த்தும்போது மூடியின் ஓரத்தில் ஒரு கீறல் கண்ணில் பட்டது. எழுத்தில்லாத வெற்றிடத்தில், ஆணியால் கீறியது போல. ஒரு வளைவும் அதைக் குறுக்கே வெட்டிய இரண்டு கோடுகளும்.

“இதென்ன கீறல்? இது நான் போட்டது இல்லை. எழுதி வையுங்கோ, நான் போடேல்லை.”

கிறகோரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தொலைபேசியைப் பார்த்தார்.

“அண்ணை, இது எங்கட குறியெல்லோ.”

அந்தக் கரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. கடலில் கிடக்கும் வலை யாருடையது என்று தெரிய மிதப்புகளில் வெட்டி வைப்பார்கள். அறுந்து ஒதுங்கினாலும் குறியைப் பார்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அல்லது கொடுக்காமல் விட்டதற்குச் சண்டை பிடிப்பார்கள். வின்சன் கடலை விட்டுப் பல வருடங்கள். கனடாவில் பூட்டிய கணினியை ஊருக்கு அனுப்பும்போது, ஊரை நம்பாமல், செயலியின் முதுகில் தகப்பனின் மிதப்புக் குறியை வெட்டி, பசையைப் பூசி மூடி அனுப்பியிருக்கிறார்.

“ஓம். அது நான் போட்டது” என்றார் கடைசியில்.

புனிதமலருக்குக் கோபம் திசை மாறியது. “அப்ப ஏன் அத்தான் வாய் திறக்கேல்லை? குறி இருக்கோ எண்டு பார் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் இந்தப் பிள்ளையை ஊரெல்லாம் இழுத்திருப்பனோ?”

“ஆராவது திறந்து பாத்தாத் தெரியும்தானே எண்டு…”

“பாத்தா அந்தச் சின்ன நம்பரும் தெரியும் எண்டு சொல்லுங்கோ” என்றாள் சிவரூபி.

தொலைபேசியில் சிறிது நேரம் வின்சனின் குசினி மட்டுமே தெரிந்தது. மனிதர் எழும்பிப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மேலங்கி இல்லை.

“இஞ்ச பார் தங்கச்சி. அது வெறும் நம்பர் இல்லை. வேலை முடிஞ்சு வந்து, நித்திரையும் கொள்ளாமல், ஒவ்வொரு படியா ஏத்தி ஏத்திப் பிடிச்ச வேகம் அது. கம்பனிக்காரன் ஏலாது எண்டதை நான் ஓட்டிக் காட்டினனான்.”

“ஓட்டினனீங்கள். நான் இல்லை எண்டு சொல்லேல்லையே. என்ர கடையில இப்பிடி ஏத்தினதை நான் முதல் கண்டது இதுதான். வடிவான வேலை. ஆனா இஞ்ச ஓடாது.”

இதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. வின்சன் மறுத்தது தயாரிப்பாளரின் எண்ணை, அவள் மறுத்தது வின்சனின் எண்ணை. இரண்டு பேரும் ஒரே வாய்க்கால் கட்டில் வேறு வேறு பாயில் குந்தியிருந்தவர்கள். அதனால்தானோ என்னவோ, அவர்களுக்குள் கோபம் அதிக நேரம் நிற்கவில்லை.

“அப்ப தண்ணி ஓடிச் சூடு இறக்கிற சாமான் ஒண்டு அனுப்பிறன்” என்றார் வின்சன். “குறைக்காதேங்கோ. அடுத்த பார்சல் பெட்டியில போடுறன்.”

சிவரூபி செயலிக்குப் புதுப் பசை பூசி, காத்தாடியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள், ஏனென்றால் கிறகோரி எழும்பி நின்றிருந்தார். தமையன் அனுப்பிய எதையும் வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. காலுக்குச் சேராத சப்பாத்துகளைக்கூட மழைக் காலத்தில் போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்பியவர்.

“அனுப்பாதேங்கோ அண்ணை.”

“என்னடா?”

“வேண்டாம் எண்டுறன். பெட்டி தூக்கேக்க அந்த நீல மூஞ்சையோட நிண்டது நான். கூரைக்குக் கீழ இருந்து எடுக்கிறதும் நான். இது குறைஞ்ச வேகத்திலதான் ஓடும். இனி ஏத்தச் சொல்லிக் கேக்காதேங்கோ.”

“நான் பூட்டின மெசினடா அது!”

“தந்தாச்செல்லோ.”

வின்சன் தம்பியைப் பார்த்தார். இதற்கு முன் ஒருநாளும் அவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார் என்று தோன்றியது. பிறகு, “உனக்கும் வாய் வந்திட்டுது” என்றார். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

சிவரூபி பையைக் கட்டினாள். “அக்கா போட்ட குரல் பதிவு எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் இன்னொண்டு போகோணும். அதை வின்சன் அண்ணைதான் போடோணும்.”

“போடுறன். நீர் போம், நான் பின்னேரமாப் போடுறன்.”

“உங்கட பின்னேரம் எனக்கு நடுச்சாமம். இருந்து கேட்டிட்டுப் போறன்.”

வின்சன் சிரித்தார், முதல் தடவையாக. அழைப்பை வைத்துவிட்டுப் போனார். புனிதமலரின் தொலைபேசி சத்தம் போட்டது. எல்லோரும் கேட்க வைத்தார்கள். வின்சனின் குரல், பூசையில் வாசகம் வாசிப்பவரைப்போல நிதானமாக: “எல்லாருக்கும் வணக்கம். கொம்பியூட்டர் விசயமா ஒரு சின்ன விளக்கம். முள்ளியவளைத் தங்கச்சி எங்கட சாமானை மாத்தியிருக்கமாட்டா எண்டுதான் நான் நினைக்கிறன். நடந்ததை எல்லாரும் மறப்பம். நன்றி.”

புனிதமலர் ஆறுதலாக மூச்சு விட்டார். “சரிதானே. தேத்தண்ணி போடுறன், இரும்.”

“சரியில்லை” என்றாள் சிவரூபி.

“இன்னும் என்னம்மா?”

“நினைக்கிறதை விடச் சொல்லுங்கோ அக்கா. கண்ணால கண்டவர் எல்லோ. கண்டதைச் சொல்லச் சொல்லுங்கோ. என்னை நல்லவள் எண்டு ஒருத்தரும் நினைக்கத் தேவையில்லை.”

“அவர் இப்ப படுத்திருப்பார், வேலையால வந்த மனிசன்…”

“எழுப்புங்கோ.”

புனிதமலர் கிறகோரியைப் பார்த்தார். கிறகோரி ரோசா வளைவைப் பார்த்தார். புனிதமலர் தொலைபேசியை எடுத்து, வாய்க்குக் கிட்டப் பிடித்து, ஒரே மூச்சில் சொன்னார்: “அத்தான், இந்தப் பிள்ளை எழும்பிற மாதிரித் தெரியேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ. குறியைக் கண்டனீங்கள் எண்டு சொல்லுங்கோ.”

சிவரூபி கதிரையில் சாய்ந்துகொண்டாள். தொலைபேசி மறுபடி சத்தம் போட்டது. நித்திரையும் எரிச்சலும் கலந்த குரல், இம்முறை வணக்கமும் இல்லை, வாசகமும் இல்லை: “நான் வின்சன். சிப்பில எங்கட ஐயான்ர குறி கிடக்கு. நான் கண்டனான். அவள் ஒண்டும் மாத்தேல்லை. நம்பர் கூட்டினது நான், அது இஞ்சத்தைக் குளிருக்கு. இனி இதைப் பற்றி ஆரும் கதைச்சா என்னோட கதையுங்கோ. அந்தப் பிள்ளையோட கதைக்க ஒருத்தராலும் ஏலாது.”

“இது சரி” என்றாள் சிவரூபி. “எல்லாருக்கும் அனுப்புங்கோ அக்கா. முதல் பரமலிங்கம் அண்ணைக்கு.”